கோணப் பனையும் பன்னிரண்டு வாரப் பொம்மைப் படமும்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என் பெட்டிக்கடைக்கு வருகிற டூரிங் கொட்டகைப் பையன்கள் இப்போதெல்லாம் வெற்றிலையோடு யோசனையும் கேட்கிறார்கள். "அண்ணே, நீங்க ரிட்டயர் ஆனவுக. எங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்கிறான் ஒருத்தன். ரிட்டயர் ஆனவனுக்கு வயது இருபத்தொன்பது. பல் முப்பத்திரண்டும் அப்படியே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் வாத்தியார் என்னை ரிட்டயர் செய்தார். இருபத்தைந்தில் நானே என்னைச் செய்துகொண்டேன். முதலாவதற்குக் காரணம் என் வால்தனம். இரண்டாவதற்கும் அதேதான். ஆனால் முதலாவதில் அடி வாங்கியது நான், இரண்டாவதில் வேறொருத்தி.

படச்சுருளை எப்படி மாட்டுவது, ஒலிபெருக்கிக் குழாய் இரைந்தால் எந்த ஒயரைப் பிடுங்குவது என்பதையெல்லாம் உங்கள் ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது அப்போதும் தெரியாது. என் வேலை வாய். பகலில் மாட்டு வண்டியில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், இன்றைக்கு இன்ன படம், வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து, வெளிநாட்டுத் துண்டுப் படங்களுக்குத் தமிழ் சொல்ல வேண்டும். நமக்கு அந்தப் பாஷை தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. ஆகையால் நான் சொன்னதுதான் கதை.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல சரக்கு ஒன்றே ஒன்று. பன்னிரண்டு சுருள், பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு எட்டு நிமிஷம். பொம்மைப் படம். வரைந்த மனுஷர்கள் நடக்கிறார்கள், வரைந்த கடல் அலையடிக்கிறது. அண்ணன், தம்பி, தங்கை மூன்று பிள்ளைகள், ஒரு கழுதை. கப்பலோட்டியான அப்பா ஒரு தீவில் புதையல் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டுக் கடலோடு போய்விட்டார். அவர் வரைந்து வைத்த வழிப்படம் மூன்றாகக் கிழிந்து கிடக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொரு துண்டாகத் தேடிப் போகிறார்கள். பின்னாலேயே ஒற்றைக் காது வில்லன் ஒருத்தன். டப்பாவில் படத்தின் பேர் எழுதிய காகிதம் கிழிந்து போயிருந்தது. மூத்தவனுக்குப் பெரியசாமி, அடுத்தவனுக்குச் சின்னச்சாமி, குட்டிக்குச் செல்லி என்று நானே பேர் வைத்தேன். கழுதைக்கு எங்கள் முதலாளியின் மச்சினன் பேர்.

தம்பிகளே, அந்தச் சுருள்கள் எங்காவது சுற்றிக்கொண்டிருந்து உங்கள் கொட்டகைப் பக்கம் வந்தால் முதலாளி கையைக் காலைப் பிடித்தாவது போட வையுங்கள். கதாநாயகன் படத்துக்கு வருகிற கூட்டம் வேறு, இதற்கு வருகிற கூட்டம் வேறு. வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு வேர்வையோடு வந்து மண்ணில் உட்காருகிற ஆள், அந்த எட்டு நிமிஷம் பீடியைப் பற்ற வைக்க மறந்து கையிலேயே வைத்திருப்பான். நாலாம் வாரத்தில் கழுதை பாலத்தைக் கடக்க மாட்டேன் என்று நிற்கிற இடத்தில் எந்த ஊராக இருந்தாலும் சிரிப்பு வரும். ஏழாம் வாரத்தில் மூன்று பேரும் சண்டை பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போவார்கள். அங்கே படத்தில் பேச்சே கிடையாது. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன்.

இப்போது என் வித்தையைச் சொல்கிறேன். எல்லாக் கொட்டகையிலும் என் மாதிரி ஆட்கள் செய்ததுதான். நான் கொஞ்சம் கூடுதலாகச் செய்தேன். எந்த ஊரில் கொட்டகை போட்டிருக்கிறதோ அந்த ஊரைக் கதைக்குள் சொருகிவிடுவேன். எரியோட்டில் ஒற்றைக் காது வில்லன் திரைக்கு வந்தபோது, "இவன் மீசையைப் பாருங்க, நம்ம மேலத்தெரு மைனர்கிட்ட இரவல் வாங்குனது" என்றேன். கொட்டகை இடிந்து விழாத குறை. கீரனூரில் பிள்ளைகள் குகைக்குள் போனபோது, இது உங்கள் பிள்ளையார் கோவில் மடப்பள்ளி என்றேன். இடைவேளையில் ஒரு பெரியவர் வந்து, "ஏனுங்க, மடப்பள்ளில இருந்து கடலுக்கு வழி போகுதுங்களா?" என்று கேட்டார். "போகுதுங்க, பொங்கச் சோறு வாசம் புடிச்சுக்கிட்டே போனாப் போயிரலாங்க" என்றேன். அவரும் சிரித்தார். அவர் மறுநாள் மடப்பள்ளியை இடித்துப் பார்க்கவில்லை. அதனால் எந்த ஊரிலும் யாரும் எதையும் இடிக்க மாட்டார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

பிறகு குஜிலியம்பாறைப் பக்கம் போனோம். மழையை நம்பி விதைக்கிற செம்மண் பூமி. ஆடியில் விதைத்த கடலை ஐப்பசி முடிவில் பிடுங்க வரும். நாங்கள் கொட்டகை போட்டது ஆவணிக் கடைசியில். வண்டிப் பாதையோரம் ஒரு கடலைக் காடு. அதன் வரப்பில் ஒரு பனை, பாதி உயரத்தில் முழங்கை மாதிரி மடங்கி மறுபடி மேலே போயிருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் குழாய் வண்டி போகும். படத்தில் வழிப்படத்தின் இரண்டாவது துண்டு ஐந்தாம் வாரத்தில் கிடைக்கும். அதில் ஒரு கோணல் மரம். தென்னை மாதிரி ஏதோ வெளிநாட்டு மரம். நான் மைக்கில், "அடேயப்பா, கடல் தாண்டித் தேடுறாகளே பிள்ளைக! இது நம்ம கோணப் பனைல்ல? அதுக்கு அடியிலதான் பெட்டி கெடக்கு!" என்று எடுத்து விட்டேன்.

கை தட்டினார்கள். அடுத்த வாரமும் கோணப் பனை, அதற்கடுத்த வாரமும் கோணப் பனை. வண்டியில் போகும்போதும் குழாயில், "புதையல் எங்கே?" என்பேன். ஓடி வருகிற பிள்ளைகள், "கோணப் பனையில!" என்று கத்தும். அந்தப் பனையை எனக்குத் தெரியும். அது நிற்கிற மண்ணுக்கு ஒரு சொந்தக்காரி இருப்பாள் என்று தோன்றவே இல்லை.

ஏழாம் வாரம் முடிந்த இரண்டாம் நாள், ஆடு மேய்க்கிற ஒருத்தர் அந்தப் பனை அடியில் ஒரு செப்புக்காசை எடுத்துவிட்டார். தேய்ந்த பழைய காசு. எந்தக் காட்டில் உழுதாலும் எப்போதாவது ஒன்று அகப்படும். வேறு நாளாக இருந்தால் கோவில் உண்டியலில் போட்டுவிட்டுப் போயிருப்பார். இப்போது டீக்கடையில் வைத்து ஊரே அதைத் தடவிப் பார்த்தது. அன்று ராத்திரியே பனை அடியில் யாரோ மண்வெட்டி போட்டிருந்தார்கள். மறுநாள் இரண்டு குழி. அதற்கு மறுநாள் குழி வரப்பை விட்டிறங்கிக் கடலைச் செடிக்குள் போனது.

சனிக்கிழமை மத்தியானம், நான் கொட்டகை வாசலில் எண்ணெய்ப் பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் வேரோடு பிடுங்கின நாலு கடலைச் செடி.

"மைக்குல பேசுற தம்பி நீதானா?"

"நானேதான் அக்கா. கடலை விக்க வந்தீகளா? கொட்டகைக்குள்ள ஏற்கெனவே ஒரு ஆள் விக்குதே."

அவள் சிரிக்கவில்லை. செடியை என் முன்னால் போட்டாள். காய் எல்லாம் வெள்ளை வெள்ளையாக, பருப்புப் பிடிக்காமல் தண்ணீராக இருந்தது.

"இன்னும் பதினஞ்சு நாளு நின்னுச்சுன்னா இது கடலை. இப்ப மாட்டுக்குத்தான் ஆகும். என் பேரு வீராயி. கோணப் பனை என் வரப்புல நிக்கிது அப்பு."

விஷயத்தை நின்றவாக்கில் சொன்னாள். புருஷன் போன வருஷம் பாம்பு கடித்துப் போய்விட்டார். பொம்பளை தனியாகக் காடு பார்க்க முடியாது, எங்கள் கையில் கொடு என்று கொழுந்தன் கேட்டிருக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள்: இந்த ஒரு வெள்ளாமையை அவள் தனியாக வீடு கொண்டுவந்து சேர்த்துவிட்டால் காடு அவளிடம், இல்லையென்றால் கொழுந்தன் உழுவான், அவளுக்கு வருஷத்துக்கு இத்தனை மரக்கால் தானியம் என்று அளப்பான். விதைத்தது, களையெடுத்தது, மண் அணைத்தது எல்லாம் அவள். பதினைந்து நாள்தான் பாக்கி.

"ஓரத்துலதான் தோண்டிருக்காக. உள்ளுக்க இன்னும் காடு கெடக்கு. இன்னைக்கு அம்புட்டுச் சனமும் இங்கதான வரும்? மைக்குல ஒரு வார்த்தை சொல்லிரு. அங்க ஒண்ணுமில்ல, நான் சும்மா சொன்னேன்னு. நீ சொன்னாத்தான் கேப்பாக."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிற பாய், நியாயமான மனுஷர். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சொல்லிருப்பா. பாவம், ஒரு பொம்பளையோட காடு. ஆனா கூட்டம் கலையாமச் சொல்லு. இன்னும் அஞ்சு வாரம் இருக்குல்ல? பொசுக்குனு ஆக்கிராத."

ஆபரேட்டர் அண்ணன் உள்ளே சுருளைத் துடைத்துக்கொண்டே, "ஏலே, எழுதி வச்சு வாசிடா. மைக்க வாங்குனா ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்" என்றார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் என்று கேலி செய்வார்கள் என்பதால் எழுதவில்லை. மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

முதல் ஆட்டம். கொட்டகை நிறைந்துவிட்டது. நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் பொம்பளைகள். வீராயி சுவரை ஒட்டி, என் மூஞ்சிக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைவதற்கு முன்னால் மைக்கை எடுத்தேன்.

"பெரியவுகளே, தாய்மாரே, ஒரு சங்கதி. கோணப் பனைக்கு அடியில புதையல் எதுவும் கெடையாது. நான் வெளையாட்டாச் சொன்னது. யாரும் அங்க மண்ண வெட்டாதீக."

கொட்டகை அப்படியே அமைதியாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு நான் கேட்காத அமைதி. அந்த இடத்தில் மைக்கைக் கீழே வைத்திருக்க வேண்டும். முன்வரிசையிலிருந்து ஒருத்தன் எழுந்து, "அப்ப நீ தோண்டி எடுத்துட்டியாலே?" என்று கத்தினான்.

எல்லாரும் சிரித்தார்கள். அமைதி உடைந்ததில் எனக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது. நாக்கு முந்திக்கொண்டது.

"நான் எடுத்திருந்தா இந்த ஓட்டைக் கொட்டகையில நிப்பனா? கொட்டகையவே வாங்கி, ஒன்னயக் குழாய் வண்டியில பூட்டிருப்பேன்ல! ஓரமாத் தோண்டுனா என்னப்பு கெடைக்கும்?"

அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொட்டகை அதிர்ந்தது. துண்டைத் தூக்கி வீசினார்கள். என் தொழிலிலேயே அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கினதில்லை. சிரிப்போடு சிரிப்பாகச் சில பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டியதையும் பார்த்தேன். மண்சுவருக்கு அந்தப் பக்கம் பொம்பளைகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீராயி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், இனிமேல்தான் நான் சொல்லப் போகிறேன் என்பது போல.

விளக்கு அணைந்தது. எட்டாம் சுருள் ஓடியது. எட்டு நிமிஷம் மைக் என் கையில் இருந்தது. எட்டு நிமிஷத்தில் உண்மையை எட்டுத் தடவை சொல்லியிருக்கலாம். நான் கழுதைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து வண்டியில் போனபோது பார்த்தேன். ராத்திரி ஓரத்தில் யாரும் புதிதாகத் தோண்டியிருக்கவில்லை. நட்ட நடுவில் தொடங்கி, காடு முழுக்க. செடி எல்லாம் வேர் மேலே கிடந்தது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். எப்போதும் ஓடி வருகிற பிள்ளைகள் ஓடி வந்து, "புதையல் எங்கே?" என்று அதுகளாகவே கத்தின. நான் குழாயை அணைத்தேன்.

வீராயி குழிகளுக்கு நடுவில் குனிந்து, பிழைக்கிற செடி ஏதாவது இருக்கிறதா என்று மண்ணை அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்று "அக்கா" என்றேன். அவள் நிமிரவில்லை. "செத்த நேரம் அந்தப் பக்கம் நில்லு தம்பி. செடிய மிதிக்கிற" என்றாள். கீழே பார்த்தேன். மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதன்கிழமை ஊர் கூடியது. நானாகப் போனேன். தப்பு என்னுடையது, அவளுடைய வெள்ளாமையில் குறை ஒன்றுமில்லை, இன்னொரு வருஷம் கொடுங்கள் என்று கேட்கலாம் என்று போனேன். நான் எழுந்து நின்றதுமே பின்னால் இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாயைத் திறக்கவே இல்லை, தம்பிகளே. நின்றேன், அவ்வளவுதான்.

"ஐயா, நான் இப்பப் பேசுறது வெளையாட்டு இல்ல" என்றேன்.

"இதத்தான் சனிக்கிழமையும் சொன்ன" என்றான் ஒருத்தன். மறுபடி சிரிப்பு.

பெரியவர் கையமர்த்தினார். "பயிர அழிச்சது யாருன்னு நாம பேசல. வெள்ளாமை வீடு வந்துச்சா, வல்லையா? அதான் பேச்சு." அவர் கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லில் நிற்கிறவர். வெள்ளாமை வீடு வரவில்லை. காடு கொழுந்தன் கைக்குப் போனது. தோண்டினவர்களில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனுடைய மண்வெட்டியிலும் செம்மண் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் வாரம் வரை இருந்து முடித்துக் கொடுத்துவிட்டு மைக்கை முதலாளியிடம் கொடுத்தேன். "ஏம்ப்பா, இதுக்குப் போயா?" என்றார். "வேற எதுக்கு பாய் போறது?" என்றேன். அதற்கும் பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

கொட்டகையைப் பிரித்து ஏற்றிவிட்டு ஊர் திரும்பினேன். அடுத்த வருஷம் களையெடுப்பு சமயத்தில் ஒரு தடவை குஜிலியம்பாறைக்கு பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். கோணப் பனைக் காட்டில் கடலை பச்சையாக நின்றது. ஏழெட்டுப் பொம்பளைகள் கூலிக்கு வரிசையாகக் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் வீராயி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்புக்கு வந்தாள். வையப் போகிறாள் என்று தலை குனிந்து நின்றேன்.

"ஆமா தம்பி, அந்தப் பிள்ளைக என்ன ஆச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"பொம்மைப் படத்துல. மொத வாரத்துல இருந்து எட்டு வாரமும் பார்த்தேன். அதுக்கப்பறம் வரல. பெட்டி கெடைச்சுச்சா?"

சொன்னேன். என் தொழிலில் முதல் தடவையாக, எந்த ஊரையும் சொருகாமல், குரலை மாற்றாமல், படத்தில் இருந்ததை இருந்தபடி சொன்னேன். தீவில் பெட்டி கிடைத்தது. படகில் ஏற்றினார்கள். நடுக்கடலில் புயல். படகு தண்ணீர் வாங்கியது. பெட்டியா கழுதையா, ஒன்றைத் தள்ள வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். செல்லி பெட்டியைத் தள்ளிவிட்டாள். மூடி மட்டும் கழன்று மேலே மிதந்தது. அதையே துடுப்பாக வைத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள்.

"கழுதை?"

"பிழைச்சிருச்சு அக்கா."

"வீட்டுக்குப் போனாகல்ல? ஆத்தாக்காரி என்ன சொன்னா?"

"அது படத்துல இல்ல அக்கா. வீட்டுக் கதவு தொறக்குது. அத்தோட முடிஞ்சுருது."

அவள் அதை யோசித்துக்கொண்டு நின்றாள். நான் பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் கோடியிலிருந்து கொழுந்தன் குரல் வந்தது.

"ஏய், அங்க என்ன பேச்சு? ஒன் நெரை பாதியில கெடக்குல்ல?"

"இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, வீராயி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தன் வரிசைக்குப் போனாள்.